வேட்டைக்கு முன் ஷாட்கன்னின் ரவைப் பரவலைச் சோதித்தறியும் முறை

சிறு உருண்டைகளான ரவைகளைச் சிதறவிட்டுச் சுடும் ஷாட்கன்னின் சோக்கில், அதாவது குழல்வாயைச் சற்றே குறுக்கும் பகுதியில், 'மாடிஃபைட்' என்றோ 'ஃபுல்' என்றோ பொறித்திருக்கும் சொல், அதைச் செய்தவர் மனத்தில் வைத்திருந்த நோக்கத்தை மட்டுமே தெரிவிக்கிறது. நம் கையிலிருக்கும் துப்பாக்கி, நாம் வாங்கி வைத்திருக்கும் தோட்டாவைக் கொண்டு, நாம் சுட நினைக்கும் தொலைவில் ரவைகளை எப்படிப் பரப்பும் என்பது அந்தச் சொல்லில் இல்லை. ஒரே அளவு என்று பெயரிடப்பட்ட இரண்டு சோக்குகள் வெவ்வேறு குழல்களில் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும். ஒரே குழலில் இரண்டு தயாரிப்புத் தோட்டாக்களும் அப்படியே. ஆகவே, வேட்டை அனுமதிக்கப்பட்ட இடத்தில், உரிய உரிமத்தோடு, பருவம் தொடங்கும் முன்பே தாளில் சுட்டுப் பார்த்துவிடுவது நல்லது. காயத்தோடு தப்பிச் சென்று புதரில் கிடந்து சாகும் பறவைகளில் பல, தன் துப்பாக்கியின் எல்லை எதுவென்று தெரியாதவர் சுட்ட பறவைகளே.

சோதனைக்கென்று நெடுங்காலமாக வழங்கிவரும் அளவுகோல் ஒன்று உண்டு. குழல்வாயிலிருந்து 40 கஜத்தில், அதாவது ஏறக்குறைய 36.6 மீட்டரில், பெரிய தாளொன்றில் சுட்டு, ரவைகள் மிக நெருக்கமாக விழுந்த பகுதியை நடுவாக வைத்து 30 அங்குல விட்டமுள்ள வட்டம் வரைந்து, அதனுள் விழுந்தவை தோட்டாவிலிருந்த மொத்த ரவைகளில் எத்தனை விழுக்காடு என்று கணக்கிடுவதே அது. 30 அங்குலம் என்பது 76 சென்டிமீட்டர். குறுகலே இல்லாத சிலிண்டர் குழல் சுமார் 40 விழுக்காட்டையும், இம்ப்ரூவ்டு சிலிண்டர் 50 விழுக்காட்டையும், மாடிஃபைட் 60 விழுக்காட்டையும், ஃபுல் 70 விழுக்காட்டையும் வட்டத்துக்குள் சேர்க்க வேண்டும் என்பது வழக்கு. 12 போர் (போர் என்பது குழலின் உள்விட்ட அளவு) குழலில் இவற்றுக்குரிய குறுகல் முறையே சுழியம், ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 10, 20, 35 என்ற அளவில் இருக்கும். கண்ணால் பிரித்தறிய முடியாத இந்தச் சிறு வேறுபாடுகளே பரவலைத் தீர்மானிக்கின்றன. .410 போன்ற சிறு குழல்களை மட்டும் 25 கஜத்தில் சோதிப்பது மரபு.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் கூடாது. ரவை எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்கு ஷூர்னே என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரியின் பெயரால் வழங்கும் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. ரவையின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து 2200 ஆல் பெருக்கினால் அது சென்று விழக்கூடிய மிகுதியான தொலைவு கஜத்தில் கிடைக்கும். ரவை எண் கூடக் கூட ரவை சிறிதாகும்; அமெரிக்க 6 ஆம் எண் ரவையின் விட்டம் 0.11 அங்குலம் என்பதால் அது 242 கஜம் வரை செல்லக்கூடும், பெரிய விலங்குகளுக்கான, 0.33 அங்குல விட்டமுள்ள இரட்டைச் சுழிய பக்‌ஷாட் 726 கஜம் வரை போகும். தாளுக்குப் பின்னால் உயரமான மண்மேடு இருக்க வேண்டும்; அதற்கும் அப்பால் இந்தத் தொலைவுக்குள் ஆளோ, வீடோ, கால்நடையோ, பாதையோ இல்லை என்பதை நடந்து சென்று பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். உரிமம் பெற்ற சுடுதளம் அருகில் இருந்தால் அங்கேயே செய்வது எல்லா வகையிலும் மேல். வெள்ளை பூசிய இரும்புத் தகட்டில் சுட்டுப் பார்க்கும் பழக்கம் ஈய ரவைக் காலத்தில் வந்தது. எஃகு ரவையைத் தகட்டில் சுட்டால் அது சுட்டவரை நோக்கியே தெறித்துத் திரும்பும் என்பதால் அதை எண்ணிப் பார்க்கவும் கூடாது. கண்ணாடியும் காதுக் காப்பும் தொடக்கம் முதல் முடிவு வரை கழற்றாமல் இருக்க வேண்டும்.

தாள் குறைந்தது 120 சென்டிமீட்டர் நீள அகலம் உடையதாக இருக்க வேண்டும். சிறிய தாளில் வட்டம் ஓரத்தைத் தாண்டிவிடும். பிறகு பரவலின் நடு எங்கே என்பதை ஊகிக்க வேண்டியதாகிவிடும். பொதி கட்டும் பழுப்புத் தாள் சுருள் இதற்குப் போதுமானது. அதை மரச்சட்டத்தில் இழுத்துக் குத்தி, நடுவில் உள்ளங்கை அளவில் ஒரு கறுப்புப் பொட்டு இட்டுக்கொள்ளலாம். தொலைவைக் காலடியால் அளக்காமல் அளவு நாடாவால் அளக்க வேண்டும். அளவு தொடங்குவது நாம் நிற்கும் இடத்திலிருந்து அல்ல, குழல்வாயிலிருந்து. சுடும் முன்பே ஒவ்வொரு தாளின் மூலையிலும் நாள், தொலைவு, சோக், தோட்டாவின் பெயர், ரவை எண், எடை, பெட்டியில் அச்சிட்டுள்ள தயாரிப்புத் தொகுதி எண், காற்றின் திசை ஆகியவற்றை எழுதிவிட வேண்டும். பத்துத் தாள்களைச் சுட்டு முடித்து வீட்டில் விரித்த பிறகு எது எந்தச் சோக்கில் சுட்டது என்று நினைவுகூர முயன்று தோற்ற அனுபவம் எனக்கு உண்டு. அன்றைய தோட்டாக்கள் எல்லாம் வீண்.

விழுக்காடு கணக்கிடுவதற்குத் தோட்டாவில் மொத்தம் எத்தனை ரவைகள் என்பது தெரிந்தாக வேண்டும். அட்டவணைகளின்படி ஓர் அவுன்ஸ் ஈயத்தில் அமெரிக்க 6 ஆம் எண் ரவைகள் சுமார் 225 இருக்கும்; 4 ஆம் எண் சுமார் 135; ஏழரை எண் சுமார் 350. ஆனால் ரவை எண்கள் நாட்டுக்கு நாடு மாறுபடுகின்றன. பிரித்தானிய 6 ஆம் எண் அமெரிக்க 6 ஐவிடச் சிறியது. அதில் அவுன்ஸுக்கு 270 ரவைகள் உண்டு. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் அட்டவணையை நம்பினால் முடிவு முழுவதும் பிசகும். அதனால் அதே பெட்டியிலிருந்து நான்கைந்து தோட்டாக்களை எடுத்து, நெருப்பும் புகையும் இல்லாத இடத்தில், தோட்டா வாயின் மடிப்பை மெல்லப் பிரித்து, ரவைகளை ஒரு தட்டில் கொட்டி எண்ணிச் சராசரி எடுத்துக்கொள்வதே நம்பகமான வழி. பிரித்த தோட்டாவை மறுபடி மடித்துச் சுட முயலக் கூடாது.

முதலில் குறி, பிறகே பரவல்

பலர் நேரே 40 கஜத்துக்குப் போய்ப் பரவலை எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன் துப்பாக்கி பார்க்கும் இடத்தில்தான் சுடுகிறதா என்பது தெரிய வேண்டும். எவ்வளவு சீரான பரவலாக இருந்தாலும், அதன் நடு இலக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி விழுந்தால் பறவைக்குக் கிடைப்பது ஓரத்து ரவைகள்தாம்.

இதை இரண்டு விதமாகச் சோதிக்க வேண்டும். இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்கின்றன. மணல்பையின் மீது முன்கட்டையைத் தாங்கி, குழல் எதன்மீதும் படாமல், குறிபார்ப்பதற்காகக் குழல்முனையில் உள்ள மணியைப் பொட்டின் நடுவில் நிறுத்தி, விசையை மெல்ல அழுத்திச் சுட்டால், குழல் நேராகச் சுடுகிறதா என்பது தெரியும். அடுத்ததாக எழுந்து நின்று, வேட்டையில் செய்வதைப் போலவே பொட்டைப் பார்த்தபடி துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றி, குறியை நிதானமாகத் திருத்திக்கொண்டிருக்காமல் சுட்டால், துப்பாக்கிக் கட்டை நம் உடலுக்குப் பொருந்துகிறதா என்பது தெரியும். முதல் சோதனையில் சரியாகவும் இரண்டாவதில் பிசகாகவும் விழுந்தால் குற்றம் குழலில் இல்லை. கட்டையின் அளவில் இருக்கிறது.

நின்று சுடும் சோதனைக்கு 16 கஜம் வசதியானது. கண்ணுக்கும் குழல்வாய்க்கும் இடைவெளி ஏறக்குறைய ஒரு கஜம் என்பதால், கன்னம் படும் இடத்தில் செய்யும் மாற்றம் 16 கஜத்தில் பதினாறு மடங்காகத் தெரியும். பரவலின் நடு ஓர் அங்குலம் தாழ்வாக விழுந்தால் கன்னமேட்டை ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம், உயர்த்த வேண்டும் என்று இதிலிருந்தே சொல்லிவிடலாம். ஒரே தாளில் நான்கைந்து முறை சுட்டால் நடு எங்கே கூடுகிறது என்பது தெளிவாகிவிடும். வேட்டைத் துப்பாக்கியில் ரவைகள் பொட்டுக்கு மேலும் கீழும் சரிபாதியாகவோ, மேலே சற்று மிகுதியாக 60க்கு 40 என்ற விகிதத்திலோ விழுவது பெரும்பாலோர் விரும்பும் அமைப்பு. இரட்டைக் குழல் துப்பாக்கியாக இருந்தால் இரண்டு குழல்களையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். பக்கத்துக்கொன்றாக ஒட்டியிருக்கும் அவை ஒரே இடத்தில் சுடும்படி இணைக்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அப்படிச் சுடாத துப்பாக்கிகளும் உண்டு.

தாளில் சுடுதல்

காற்று ஓய்ந்திருக்கும் காலை நேரம் ஏற்றது. குழலில் எண்ணெய் இல்லாதவாறு துடைத்து, சோக்கைத் துப்பாக்கியில் தோட்டா இல்லாத நிலையில் அதற்குரிய சாவியால் இறுக்கி, ஒன்றிரண்டு தோட்டாக்களை மண்மேட்டில் சுட்டுவிட்டுத் தொடங்கலாம். சோக் தளர்கிறதா என்பதை நான்கைந்து சுடல்களுக்கு ஒருமுறை பார்ப்பது அவசியம். தளர்ந்த சோக் பரவலையும் கெடுக்கும், குழலையும் கெடுக்கும். 12 போர் துப்பாக்கியோடு 20 போர் தோட்டாவைச் சுடுமிடத்துக்குக் கொண்டுவரவே கூடாது. சிறிய தோட்டா குழலுக்குள் வழுக்கிச் சென்று நின்றுகொள்ளும். அதன் பின்னால் போடப்படும் 12 போர் தோட்டா குழலையே வெடிக்கச் செய்யும்.

ஒரு தாளுக்கு ஒரு தோட்டா. ஒவ்வொரு முறையும் துப்பாக்கியைத் திறந்து வைத்துவிட்டுச் சென்று தாளை மாற்ற வேண்டும். ஒரு சோக்கும் ஒரு தோட்டாவும் சேர்ந்த இணைக்கு ஐந்து தாள்கள் என்பது குறைந்த அளவு. பத்து என்றால் மனம் நிறையும். ஐந்துக்கும் குறைவாகச் சுட்டு ஏதேனும் முடிவுக்கு வருவது நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்கு ஒப்பானது.

ஏன் என்பதற்கு ஒரு கணக்கைக் காட்டுகிறேன். 32 கிராம் எடையுள்ள அமெரிக்க 6 ஆம் எண் ஈயத் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். பிரித்து எண்ணியதில் சராசரியாக 252 ரவைகள் இருந்தன என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்து தாள்களில் வட்டத்துக்குள் விழுந்தவை 124, 139, 118, 146, 128 எனில், கூட்டுத்தொகை 655, சராசரி 131, விழுக்காடு 52. இம்ப்ரூவ்டு சிலிண்டருக்குப் பொருத்தமான விடை. ஆனால் நான்காம் தாளை மட்டும் சுட்டிருந்தால் 58 விழுக்காடு என்று மகிழ்ந்து அதை மாடிஃபைட் என்றே நம்பியிருப்போம். மூன்றாம் தாளை மட்டும் பார்த்திருந்தால் 47 விழுக்காடு என்று சோக்கையே மாற்றியிருப்போம். துப்பாக்கியோ தோட்டாவோ எதுவும் மாறவில்லை. ஒரு சுடலுக்கும் மறு சுடலுக்கும் இயல்பாகவே இருக்கும் ஏற்ற இறக்கம் அவ்வளவு.

எண்ணும் வேலைக்குப் பொறுமை வேண்டும். ரவைகள் செறிந்த பகுதியை உத்தேசமாகக் கண்டு, நடுவில் ஆணி ஊன்றி, 38 சென்டிமீட்டர் நூலில் பென்சிலைக் கட்டிச் சுற்றினால் வட்டம் வந்துவிடும். நாம் குறி வைத்த பொட்டு இந்த வட்டத்துக்கு நடுவாக இருக்க வேண்டியதில்லை. குறி தவறியதையும் பரவலின் தரத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாமல் இருக்கத்தான் சுட்ட பிறகு வட்டம் வரைகிறோம். வட்டத்தை நான்காகப் பிரித்து, எண்ணிய துளைகளை வண்ணப் பேனாவால் தொட்டுக்கொண்டே போனால் ஒன்றை இருமுறை எண்ண நேராது. கோட்டைத் தொடும் துளையை உள்ளே என்று கொள்வதா, வெளியே என்று கொள்வதா என்பதில் எந்த முறையைப் பின்பற்றினாலும் எல்லாத் தாள்களுக்கும் அதையே பின்பற்ற வேண்டும். தோட்டாவில் மருந்துக்கும் ரவைக்கும் இடையே இருக்கும் தக்கை கிழித்த பெரிய ஓட்டையை ரவையாகக் கொள்ளக் கூடாது.

தாள் சொல்வதைப் படித்தல்

விழுக்காடு துப்பாக்கிகளை ஒப்பிட உதவும். பறவையை வீழ்த்துவது விழுக்காடு அல்ல, இத்தனை சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை ரவை என்ற நெருக்கம். 76 சென்டிமீட்டர் வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 4560 சதுர சென்டிமீட்டர். அதில் 131 ரவைகள் என்றால் 35 சதுர சென்டிமீட்டருக்கு ஒன்று. பறவையின் உயிர்நிலை அளவுக்கு ஓர் அட்டையை வெட்டிக்கொண்டு தாளின் மீது நகர்த்திப் பார்ப்பது இதைக் கண்கூடாகக் காட்டும். 11 சென்டிமீட்டர் விட்டமுள்ள அட்டை வில்லையின் பரப்பு 95 சதுர சென்டிமீட்டர். மேற்சொன்ன பரவலில் அதன் கீழ் சராசரியாக 2.7 ரவைகள் இருக்கும். சராசரிதான் அது. வில்லையை வட்டத்துக்குள் வெவ்வேறு இடங்களில் வைத்தால் ஓரிடத்தில் ஆறு துளைகள் தெரியும். சற்றுத் தள்ளி ஒன்று மட்டும் தெரியும். வேறோரிடத்தில் ஒன்றுமே இராது. மூன்று ரவைகளாவது பட வேண்டும் என்று நினைப்பவருக்கு இந்த இணை 40 கஜத்தில் போதாது என்பதை வில்லை சொல்லிவிடும்.

வெற்றிடங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஒரு தாளில் உள்ளங்கை அகலத்துக்கு ரவையே விழாத இடம் தென்பட்டால் உடனே தோட்டாவைப் பழிப்பது பலரின் வழக்கம். தற்செயலாகச் சிதறும் எதிலும் திட்டும் வெற்றிடமும் இருந்தே தீரும். தரையில் கொட்டிய கடுகிலும் அப்படித்தான். எல்லாத் தாள்களிலும் அதே இடத்தில் வெற்றிடம் வந்தால் மட்டுமே குழல்வாயிலோ சோக்கிலோ குறை இருக்கிறதா என்று தேட வேண்டும். மாறாக, எந்தத் தாளிலும் வெளிவட்டம் வெறிச்சென்றும் நடுப்பகுதி மட்டும் சல்லடையாகவும் இருந்தால், அது நெருங்கிய தொலைவில் பறவையை உண்ணத் தகாதபடி சிதைக்கும் பரவல்.

தாளில் பதிவது அகலமும் உயரமும் மட்டுமே. ரவைகள் ஒரே நேரத்தில் இலக்கை அடைவதில்லை. முன்னும் பின்னுமாக நீண்ட சரமாகவே செல்கின்றன. நசுங்கிய ரவைகள் பின்தங்கிவிடும். பறக்கும் பறவையைக் குறுக்கே சுடும்போது தாளில் தெரியும் நெருக்கம் முழுவதும் அதற்குக் கிடைக்காது என்பதைச் சற்று ஒதுக்கி வைத்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

குறை தெரிந்தால் எதை மாற்றுவது

முதலில் மாற்ற வேண்டியது தோட்டா, பிறகு சோக். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். ஈய ரவைகள் வெடிப்பின் அழுத்தத்திலும் சோக்கின் நெரிசலிலும் நசுங்குகின்றன; நசுங்கியவை காற்றில் வழிமாறி வட்டத்துக்கு வெளியே போய்விடுகின்றன. ஆன்டிமனி கலந்து கடினமாக்கிய ஈயமும், ரவைகளைச் சுற்றி அணைக்கும் பிளாஸ்டிக் கிண்ணத் தக்கையும், இடையிடையே நிரப்பப்படும் தூளும் இதைக் குறைக்கும். ஒருமுறை ஒரே ரவை எண்ணும் ஒரே எடையும் உள்ள, விலை மலிவான ஒரு பெட்டியையும் சற்று உயர்ந்த ஒரு பெட்டியையும் ஒரே சோக்கில் சுட்டுப் பார்த்தேன். மலிவான பெட்டியின் தாள்களில் ஓரமெல்லாம் தெறித்த துளைகள். நடுவில் இருக்க வேண்டியவை அங்கே சிதறிக் கிடந்தன. பிரித்துப் பார்த்தபோது மலிவான ரவையைக் குறட்டால் லேசாக அழுத்தியதுமே அது தட்டையானது. மற்றது எதிர்த்து நின்றது. அதிக வேகத் தோட்டாக்களும் பெரும்பாலும் பரவலை விரிக்கவே செய்கின்றன. வேகம் குறைந்த தோட்டாவுக்கு மாறியதும் வட்டம் நிறைந்துவிடுவது அரிதல்ல.

எஃகு ரவை தனி வகை. அது நசுங்காததால் அதே சோக்கில் ஈயத்தைவிட நெருக்கமாகவே சுடும். மாடிஃபைட் சோக்கில் ஃபுல் அளவுப் பரவல் கிடைப்பது வழக்கம். ஆனால் ஈயத்தின் அடர்த்தி 11.3 என்றால் எஃகின் அடர்த்தி 7.8 தான் என்பதால் அது விரைவில் வேகம் இழக்கும். அதை ஈடுகட்ட ஈயத்தில் பயன்படுத்துவதைவிட எண்ணில் இரண்டு குறைந்த, அதாவது பெரிய, ரவையை எடுத்துக்கொள்வார்கள். பழைய, மெல்லிய குழல்களிலும், எஃகுக்கு ஏற்றதென்று குறிக்கப்படாத இறுக்கமான சோக்குகளிலும் அதைச் சுடக் கூடாது. அமெரிக்காவில் 1991 முதல் நாடு முழுவதும் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை தடை செய்யப்பட்டுள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 பிப்ரவரி முதல் ஈரநிலங்களில் தடை. எனவே ஈயத்தில் சோதித்துவிட்டு எஃகோடு சதுப்புக்குச் செல்பவர் சோதிக்காதவரைப் போன்றவரே.

காட்டு வான்கோழியைத் தலையிலும் கழுத்திலும் குறிவைத்துச் சுடுவதால் அங்கே 30 அங்குல வட்டம் பயன்படாது. 10 அங்குல வட்டத்துக்குள் 100 ரவைகள் விழும் தொலைவையே எல்லையாகக் கொள்வது அந்த வேட்டைக்காரர்களின் வழக்கம். இந்தத் தோட்டாக்கள் தோளைக் கடுமையாக இடிக்கும். மூன்று சுடலுக்கு ஒருமுறை ஓய்வெடுக்காவிட்டால், விசையை அழுத்தும் முன்பே உடல் பின்வாங்கத் தொடங்கி, அடுத்த தாள்கள் துப்பாக்கியைப் பற்றி அல்லாமல் நம் அச்சத்தைப் பற்றிப் பேசத் தொடங்கும். பக்‌ஷாட்டில் விழுக்காட்டுக்கு இடமில்லை. ஒன்பது குண்டுகளும் விலங்கின் உயிர்நிலை அளவுள்ள தட்டுக்குள் விழும் மிகுதியான தொலைவு எதுவோ அதுவே எல்லை. ஒன்று வெளியேறினாலும் கிட்டே வர வேண்டும்.

இறுதியாகத் தொலைவு. 40 கஜத்து முடிவை வைத்து மற்றத் தொலைவுகளை ஊகிக்கலாம். சோக்கில் ஒரு படி இறுக்கம் சுமார் 5 கஜத்துக்கு ஈடு என்பது பழைய கணக்கு. ஆனால் நாம் உண்மையில் சுடும் தொலைவிலேயே தாளை வைப்பது நல்லது. புதரிலிருந்து கிளம்பும் பறவையை 20, 25 கஜத்தில் சுடுபவர் அந்தத் தொலைவிலும், நீர்ப்பறவையை 35 கஜத்தில் சுடுபவர் அங்கேயும், பின்னர் 5 கஜம் கூட்டிக் கூட்டியும் பார்த்தால், அட்டை வில்லையின் கீழ் ரவைகள் போதாமல் போகும் இடம் ஒன்று வரும். சிறு ரவைகளில் அந்த இடம் வருவதற்குள் தாக்கும் வேகம் தீர்ந்திருக்கும். பெரிய ரவைகளில் தாக்கும் வேகம் மிச்சமிருக்க நெருக்கம் தீர்ந்திருக்கும். எது முதலில் தீர்கிறதோ அதற்கு 5 கஜம் முன்பாக நம் எல்லையை நிறுத்திக்கொள்ளலாம். அந்த எண்ணையும், சோக்கின் பெயரையும், தயாரிப்புத் தொகுதி எண்ணையும் ஒரு துண்டு நாடாவில் எழுதித் தோட்டாப் பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒட்டிவிட வேண்டும். தொகுதி எண் மாறிய புதிய பெட்டி வரும்போது நாடாவைக் கிழித்துவிட்டு மீண்டும் ஐந்து தாள்கள் சுட வேண்டும்.